ஏழாம் பாத்தியில் களை எடுக்காதீர்கள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன். அண்ணி கொல்லைப்புறத்தில் ஒரு மூட்டை மணலைக் காட்டி, "அலசிக் குடுங்க தம்பி, அப்புறம் டீ" என்றார். ஏழு பக்கெட் தண்ணீர் மாற்றினேன். விதை ஊன்ற, கையை விட்டால் கலங்காத மணல் வேண்டுமாம். ஐந்தாவது பக்கெட்டில் நான் முணுமுணுக்க ஆரம்பித்ததும், என் வாயை அடைக்க அண்ணி சொன்னதுதான் இது.

நான் வாரப் பத்திரிகைகளில் பதினெட்டு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறவன். என் கதைகளில் ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் யாராவது கதவைத் தட்டுவார்கள். இந்தக் கதையில் கதவே கிடையாது. ஒரு மணல் பாத்தி, அதற்குள் அறுபது விதைகள். ஒன்பது மாதமாக ஒன்றும் தட்டவில்லை. இதை எங்கே தொடங்குவது?

முதல் தொடக்கம்: "கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நாற்றங்காலின் வாசலில் ஒரு பெண்ணுருவம்—"

அண்ணி படித்துவிட்டு, "யாரு இந்தப் பெண்ணுருவம்?" என்றார்.

"நீங்கதான் அண்ணி."

"நான் எட்டரைக்குத்தான் போவேன். அப்ப வெயில் மண்டையைப் பொளக்கும். அப்புறம், உருவம் உருவம்னு எழுதாதீங்க. பேய் வர்ற மாதிரி இருக்கு."

இரண்டாவது தொடக்கம்: "இந்த உலகில் பொறுமை என்பது என்ன? ஒரு விதையைக் கேளுங்கள். அது—"

இதை நானே நிறுத்திவிட்டேன். நாட்காட்டித் தாளிலிருந்து பொன்மொழியைக் கிழித்து ஒட்டியது போல இருந்தது.

(வழக்கமாக அடித்த வரிகளை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. இந்த முறை அனுப்புகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

2

அண்ணி வேலை பார்ப்பது ஒரு நாற்றங்காலில். நர்சரி என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் அழுகிற சத்தம் காதில் விழுகிறது என்று அண்ணி மாற்றச் சொன்னார். காட்டு மரங்களின் விதைகளை முளைக்க வைப்பது அவர் பிரிவு. சில விதைகள் தண்ணீரைக் காட்டினாலே எழுந்துகொள்ளும். சிலவற்றை மரத்தடியில் பொறுக்கிய அன்றே ஊன்ற வேண்டும், ஒரு வாரம் காய்ந்தால் செத்துவிடும். இரண்டிலும் சேராத சில உண்டு. உயிரோடுதான் இருக்கும், ஆனால் எழுந்திருக்காது. கல்கொட்டை அந்த வகை.

அதற்கு நீளமான தாவரவியல் பெயர் ஒன்று இருக்கிறது. அண்ணி இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் வெவ்வேறு விதமாக எழுதிக்கொண்டேன். நாற்றங்காலில் எல்லோருக்கும் அது கல்கொட்டைதான். கட்டைவிரல் பருமன், மூன்று பக்கமும் பட்டையாக இருக்கும். சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் துள்ளும். மரம் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவைதான் நிறையக் காய்க்கும். இந்த நாற்றங்காலில் இதுவரை யாரும் அதை முளைக்க வைத்ததில்லை.

போன பருவத்தில் அண்ணிக்கு அறுபத்தாறு கொட்டைகள் தேறின. சதையை மணலில் தேய்த்து எடுத்தார். தண்ணீரில் போட்டு மிதந்ததை ஒதுக்கினார். அந்த அறுபத்தாறும் மூழ்கியவை. ஏழாம் பாத்தியில் ஆறு வரிசை பிரித்து, வரிசைக்கொரு குச்சி நட்டு, குச்சிக்கொரு நிறத்தில் நூல் கட்டினார். வெள்ளை நூல் வரிசைக்கு ஒன்றும் செய்யவில்லை. மஞ்சளுக்கு வெந்நீர். பச்சைக்கு ஒரு முனையில் அரம் வைத்துத் தேய்த்தார். கறுப்பைச் சருகுத் தீயில் புரட்டினார். சிவப்பை இருபது நாள் ராத்திரியில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்தார்.

நீலம் அண்ணனுடையது. அண்ணன் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை இடுக்கியில் கொட்டையை வைத்துத் திருகி, கீறல் விழுந்ததும் நிறுத்த வேண்டும். பத்துக் கொட்டையில் ஒழுங்காகக் கீறல் விழுவதற்குள் வேறு ஆறு நொறுங்கிவிட்டன.

"நொறுங்கினது எங்கே?" என்று நான் கேட்டேன்.

"உங்க அண்ணன் வயித்துல" என்றார் அண்ணி. "பருப்பு பாதாம் மாதிரி இருந்துச்சாம். இன்னும் ரெண்டு உடைக்கட்டுமான்னு கேட்டாரு. இடுக்கியைப் புடுங்கிட்டு வந்துட்டேன்."

ஒன்பது மாதம் தண்ணீர் தெளித்தார். பாத்தி வெறும் மணலாகவே இருந்தது, சலித்துக் கொட்டினது போல.

அப்போதுதான் மேலாளர் வந்து நின்றார்.

3

மேலாளரை முதல் கையெழுத்துப் படியில் நான் பருத்த மீசையோடும் விரலில் மோதிரத்தோடும் எழுதியிருந்தேன். "அந்த இரும்பு மனிதனின் உதடுகளில் ஒரு ஏளனச் சிரிப்பு—"

அண்ணி குறுக்கே புகுந்தார். "அவருக்கு மீசையே இல்ல. பாவம், அவரே மேல பதில் சொல்ல முடியாம தவிக்கறாரு. நிழல்வலை போட்ட பாத்தி மொத்தமே ஏழு. வேலிச்செடிக் குச்சி லாரியில வருது. எங்க வைப்பாரு? என் தலையிலயா?"

ஆக, மீசையை எடுத்துவிட்டேன். மேலாளர் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமைக்குள்ள ஒண்ணாவது தலையைக் காட்டணும்மா. இல்லன்னா பாத்தியைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. கொட்டையை உரக்குழியில போட்டுடலாம்."

வேறு இடத்தில் ஊன்றலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நிழலும் ஒரே சீரான ஈரமும் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பருப்பு வறண்டுவிடும் என்றார் அண்ணி. மறுபடி மரம் காய்க்க ஐந்து வருடம் ஆகலாம். ஆகவே இந்தக் கதையில் உயிர் ஊசலாடுவது ஒரு பாத்திக்குத்தான். தொடர்கதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கடத்தல் எதுவும் நடக்காது.

இன்னொரு ஆளையும் சொல்லிவிடுகிறேன். சீப்பக்கா. நாற்றங்காலில் களை எடுக்கிறவர், அண்ணியைவிட நாலைந்து வயது மூத்தவர். ஈரத் தலையைச் சீப்பு வாரினது போல அவர் கை போன பாத்தியில் ஒரு புல் மிஞ்சாது, பெயர் அதனால்தான். பேசிக்கொண்டே எடுப்பார், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே எடுப்பார். கண்ணுக்கு அதில் வேலை இல்லை. "பாத்துப் புடுங்கினா அது களையா? கை பாத்துக்கும்" என்பார்.

(சீப்பக்காவை நம்புவது எனக்கே சிரமமாக இருந்தது. இத்தனை சுத்தமான ஒருவரைப் பாத்திரமாக வைத்தால் பத்திரிகை ஆசிரியர் 'மிகை' என்று ஓரத்தில் எழுதுவார். நேரில் போய்ப் பார்த்தேன். நான் பேசிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்து எறிந்தார். பேச்சை நிறுத்தவே இல்லை.)

4

வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் முளைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அண்ணி டப்பாவைத் திறக்காமல், ஏழாம் பாத்தி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உரக்குழிக்குப் போவதற்கு முன் கொட்டைகளை எண்ணியாவது எடுத்து வைப்போம் என்று எண்ணம். விரலால் மணலைக் கிளறினார்.

வெள்ளை நூல்: பத்தும் பத்திரம். ஊன்றிய அன்று இருந்தபடியே அழுத்தமாக இருந்தன. மஞ்சள்: வெந்துபோன வாடை. பச்சையில் பாதி பூஞ்சை. நீலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கறுப்பு: ஒரு மாற்றமும் இல்லை.

சிவப்பு வரிசையில் முதல் கொட்டை கைக்கு லேசாக இருந்தது.

எடுத்து ஊதினார். ஒரு பட்டையில் சின்ன மூடி கழன்று, ஜன்னல் திறந்தது போல இருந்தது. உள்ளே காலி. கழன்ற மூடி பக்கத்திலேயே மணலில் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். அண்ணி ஒவ்வொன்றாகத் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வரிசையாக வைத்தார். ஒன்பது காலி. பத்தாவது மட்டும் மூடியபடி கனமாக இருந்தது.

எலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் எலி கடித்தால் பல் தடம் இருக்கும். இந்த ஒன்பதிலும் ஒரு கீறல்கூட இல்லை. மூடி உள்ளேயிருந்து தள்ளப்பட்டிருந்தது.

ஒன்பதும் முளைத்திருக்கின்றன. முளைத்தவை எங்கே?

அண்ணி நிமிர்ந்தார். மூன்றாம் பாத்தியில் சீப்பக்கா ஆகாயத்தைப் பார்த்தபடி களை எடுத்துக்கொண்டிருந்தார்.

5

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. இந்தப் பாத்தியில என்னென்ன புடுங்கினீங்க?"

"என்ன வரும்? கோரை வரும், குப்பைமேனி வரும். அப்புறம் அந்த விரல் களை."

"விரல் களையா?"

"ஆமா, அஞ்சு விரலையும் விரிச்ச மாதிரி ரெண்டு இலை. லேசுல வராது தங்கச்சி! வேரு பாதாளத்துக்கே போகுது. ஒவ்வொண்ணோடயும் மல்லுக்கட்டித்தான் எடுத்தேன். நான் விடுவேனா?"

கல்கொட்டை மரத்தின் இலை ஈட்டி போல நீளமானது. அதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அண்ணியின் நோட்டில்கூட அந்த இலைதான் படமாக இருக்கிறது. பிறக்கும்போது அது கையை விரித்துக்கொண்டு வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. யாரும் கன்றைப் பார்த்ததில்லை. பார்த்த ஒருவரும் பார்க்காமலே பிடுங்கியிருக்கிறார்.

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதினேன்.

அ) "அண்ணியின் கண்கள் அனலைக் கக்கின. 'அடிப்பாவி!' என்று—" அண்ணி யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அண்ணனைக்கூட.

ஆ) "அண்ணியின் கண்கள் குளமாயின." இதற்கு அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியது: 'அது வேர்வை.'

இ) "சீப்பக்காவின் கையிலிருந்து கூடை நழுவி—" அன்று கூடை கொண்டுவரவே இல்லையாம்.

நடந்தது இதுதான். அண்ணி கேட்டார்: "வேரு எவ்வளவு நீளம்?"

சீப்பக்கா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "ஒரு சாண். கூடவே இருக்கும், குறையாது."

அண்ணி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து சிரித்தார். "ஒரு சாணா! முளைச்சிருக்குக்கா! பத்துக்கு ஒன்பது! இந்தக் கல்லுல இருந்து!"

சீப்பக்காவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டப்பா மூடியில் இருந்த ஒன்பது காலிக் கொட்டைகளைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"நானா?"

"நீங்க மட்டுமா? சிவப்பு நூல் வரிசையில மண்ணு சரியில்ல, ஒரே களையா வருதுன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் புது மணல் கொண்டாந்து தூவினேன்."

"இந்தக் கையை ஒடைச்சுப் போட்டா என்ன?"

"ஒடைக்கறது இருக்கட்டும். முதல் விரல் களையை எப்பப் புடுங்கினீங்க? ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? மழை நின்ன ரெண்டாவது வாரம். என் மக பிரசவத்துக்கு வந்தா பாரு, அதுக்கு மறுநாள். ரெண்டாவது, குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்னிக்கு. அன்னிக்கு அரை நாள்தான் வேலைக்கு வந்தேன்."

அண்ணி ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தார். பேரன் முகம் பார்த்துச் சிரித்தது, குப்புற விழுந்தது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனது, திரும்பி வந்தது என்று ஒன்பதுக்கும் சீப்பக்காவிடம் தேதி இருந்தது. முதல் முளை, விதைத்த நூற்றுப் பதினோராம் நாள். ஒன்பது மாதம் வெறுமையாக இருந்த பக்கத்தில் அண்ணி நிற்காமல் எழுதினார். முடித்துவிட்டு டப்பாவைத் திறந்து, பாதியை அதன் மூடியில் வைக்கப் போனார். மூடியில் கொட்டைகள் இருந்தன. இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள்.

6

சனிக்கிழமை மேலாளர் வந்தார். ஒரு காலிக் கொட்டையைக் கையில் வாங்கி, மூடியைப் பொருத்தினார், எடுத்தார், மறுபடி பொருத்தினார்.

"எலி வேலையா இருக்காதா?"

"எலி மூடியைத் தொறந்து தின்னுட்டு, மூடியைப் பத்திரமா பக்கத்துல வெச்சுட்டுப் போகுமா சார்?"

"சரி. செடி எங்க?"

"புடுங்கிட்டோம் சார்."

"யாரு புடுங்கினது?"

சீப்பக்கா வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணி, "நாங்கதான் சார்" என்றார்.

மேலாளர் மூடியைப் பொருத்துவதை நிறுத்தினார். "முளைக்கலன்னு வந்து நிக்கறவங்க இருக்காங்க. மாடு மேஞ்சுடுச்சுன்னு வந்து நிக்கறவங்க இருக்காங்க. முளைச்சுது, நாங்களே புடுங்கிட்டோம்னு யாரும் வந்து நின்னதில்ல."

"அதான் நம்புங்க சார். பொய் சொல்றதா இருந்தா இதைவிட நல்லதா சொல்லியிருப்போமே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரியை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்வதாகச் சொன்னார். ஒரு மாதம்தான். அதற்குள் ஒரு செடியாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அழுகாத கொட்டைகளை எல்லாம் அண்ணி இருந்த இடத்திலேயே புதைத்தார். சிவப்பில் மீந்த அந்தப் பத்தாவதும் அதில் சேர்த்தி. பாத்தியின் தலைமாட்டில் ஒரு பலகை நட்டார். அதுதான் இந்தக் கதையின் தலைப்பு.

அன்றிலிருந்து ஏழாம் பாத்தியில் யாரும் கை வைக்கவில்லை. மூன்றாவது வாரமே அது காடாகிவிட்டது. சீப்பக்கா அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கை மட்டும் இடுப்பருகே தானாக அசையும்.

(பலகையைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் பழைய கையெழுத்துப் படிகளை எடுத்துப் புரட்டினேன். பதினெட்டு வருடமாக அடித்துத் தள்ளிய வரிகள். 'என்னமோ விரல் விரிச்ச மாதிரி இருந்துச்சு, அடிச்சுட்டேன்' என்று எத்தனை போயிருக்கும்? அதனால்தான் இந்த முறை எதையும் எடுக்கவில்லை. இதை அண்ணியிடம் சொன்னேன். "ரொம்ப ஆசைப்படாதீங்க தம்பி. எல்லாப் பாத்தியிலயும் கல்கொட்டை இருக்காது. 'பெண்ணுருவம்' களைதான்" என்றார்.)

7

இன்று சனிக்கிழமை. நாளை காலை இதை நான் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும். லாரி வருவது நாளை மறுநாள், திங்கட்கிழமை. முடிவு தெரியாமல் முடிவு எழுத வேண்டிய நிலை. ஆகவே மத்தியானம் நானே நாற்றங்காலுக்குப் போனேன்.

ஏழாம் பாத்தியில் பதினாறு வகைச் செடிகள் இருந்தன, அண்ணி எண்ணியிருந்தார். அவற்றில் விரல் விரித்த இலைகளோடு இரண்டு. ஒன்று சிவப்பு நூல் குச்சியிலிருந்து நாலு விரல் தள்ளி. இன்னொன்று அதற்கும் பக்கத்து வெள்ளை நூலுக்கும் நடுவில்.

"ரெண்டும் அதுதானா?" என்றேன்.

"கால்வா ஓரத்துல இதே மாதிரி இலையோட நெசமாவே ஒரு களை இருக்கு" என்றார் சீப்பக்கா. "அது விதை இங்கயும் பறந்து வரும்."

"இது எது, அது எது?"

"பாத்தாத் தெரியாது. புடுங்கினா சொல்லிடுவேன். களை சட்டுனு வந்துடும். இது மல்லுக்கட்டும். என் கைக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு அவரே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மணலைத் தோண்டிப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அடியில் திறந்த கொட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே. அண்ணி என்னை, 'இன்னும் ரெண்டு உடைக்கட்டுமா' என்று கேட்ட அண்ணனைப் பார்த்திருப்பாரே, அந்த மாதிரி பார்த்தார்.

"சல்லிவேரெல்லாம் நூல் கனம்தான் தம்பி. மணலை அசைச்சா அறுந்துடும். நமக்குத் தெரிஞ்சுடும், ஆனா அதுக்கு உயிர் இருக்காது."

"திங்கட்கிழமை சார் கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்வேன்."

அவர் குரலில் பயம் இல்லை. பெரிய தைரியமும் இல்லை. வீட்டில் இருவர் தூங்கும்போது பேசுகிறவர்கள் மெதுவாகப் பேசுவார்களே, அப்படித்தான் பேசினார். அந்த மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் கவிழ்த்த பக்கெட்டுகளில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, பதினாறு வகைச் செடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீப்பக்கா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

நான் இரண்டு முடிவுகளை எழுதி, அங்கேயே படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: மேலாளர் மனமிளகி, "பாத்தி உங்களுக்கே" என்கிறார். தூறல் விழுகிறது.

"இந்த மாசத்துல எங்க தூறல்?" என்றார் அண்ணி.

முடிவு இரண்டு: லாரி வருகிறது. பாத்தி போகிறது. இரண்டு பெண்களும் கொட்டைகளை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு—

"நீங்க ஏன் தம்பி அதையெல்லாம் சொல்றீங்க?" என்றார் சீப்பக்கா. "அந்த சாரு சொல்ல வேண்டியதை நீங்க சொன்னா, அவரு எதுக்கு?"

நியாயம்தான். எனக்கு ஒரு வழி தோன்றியது. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை எல்லோருக்கும் முடிந்திருக்கும், இதை எழுதி முடிக்கிற எனக்குத்தான் அது இன்னும் வரவில்லை. ஆகவே மேலாளராக நீங்கள் வாருங்கள். மீசை இருந்தாலும் பரவாயில்லை.

காலை பத்து மணி. லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். உங்கள் கையில் பாத்திப் பதிவேடு. ஏழாம் பாத்திக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். பிடுங்கிக் காட்டச் சொல்லாதீர்கள், காட்ட மாட்டார்கள். எது கல்கொட்டை என்று கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். குனிந்து பாருங்கள். அவசரமில்லை, லாரி நிற்கும்.

பேனா சட்டைப்பையில் இருக்கிறது.

பாத்தி எண்: 7

வளர்வது: ........................

எதுவரை: ........................